வேலிக்கு வெளியே நின்ற ராஜா

செழியா,

உன் கல்யாணப் பத்திரிகை செவ்வாய்க்கிழமை தபாலில் வந்தது. மூலையில் மஞ்சள் தடவித் தட்டில் வைத்துக் கொடுப்பது நம் வழக்கம். நீ தபாலில் அனுப்பினாய். அதைக் குறையாகச் சொல்லவில்லை. கோயம்புத்தூரிலிருந்து நம் செலியமேடு வரை ஒரு பத்திரிகைக்காக யாரும் பஸ் ஏற மாட்டார்கள். என் பெயரைப் பிழையில்லாமல் போட்டிருக்கிறாய். உன் அப்பாவின் பெயருக்கு முன்னால் 'தெய்வத்திரு' இருக்கிறது. மறுநாள் போன் செய்து, "வர்றதுன்னா வாங்கம்மா" என்றாய். நான், "பார்க்கலாம்" என்றேன். நீ வைத்துவிட்டாய். நான்கு வருஷமாக நாம் இருவரும் பேசுவது இவ்வளவுதான்: ரேஷன் கார்டு, கண் ஆபரேஷன், பார்க்கலாம்.

இந்தக் கடிதத்தை உனக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம். ஆனால் அப்பாவின் பதினாறாம் நாள் காரியத்தன்று, பந்தலில் உட்கார்ந்திருந்த அத்தனை உறவும் கேட்க, நான் உன்னைப் பார்த்து ஒரு சொல் சொன்னேன். எல்லார் முன்னிலையிலும் சொன்னதை எல்லார் முன்னிலையிலும்தான் திரும்பப் பெற வேண்டும். அதனால் நம் ஊர் வாசகர் வட்டத்தின் ஆண்டு மலருக்கு இதைக் கொடுக்கிறேன். அன்று பந்தலில் இருந்தவர்கள் படிக்கட்டும். கண் தெரியாதவர்களுக்கு வீட்டில் உள்ளவர்கள் படித்துக் காட்டட்டும். ஒன்றும் தெரியாதவர்களும் படிப்பார்கள் என்பதால் முதலிலிருந்து சொல்கிறேன். தெரிந்ததையே சொல்கிறாளே என்று நீ அலுத்துக்கொள்ளாதே. உனக்குத் தெரியாத ஒன்றும் இதில் இருக்கிறது.

புதுச்சேரி கான்வென்ட் போர்டிங்கில் நான் படித்ததை இந்த வீட்டில் தேவைக்கு அதிகமாகவே சொல்லியிருக்கிறேன் என்று அப்பா கிண்டல் செய்வார். சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. மழை பெய்யும் சனிக்கிழமைகளில் தோட்டத்துக்குப் போக முடியாது. அப்போது பிரான்ஸிலிருந்து வந்திருந்த ஒரு மதர் செஸ் பலகையைக் கொண்டுவந்து மேசையில் வைப்பார். ஆட்டத்தை ஆரம்பத்திலிருந்து ஆட மாட்டார். நடு ஆட்டத்தில் இருப்பதுபோலக் காய்களை அடுக்குவார். மற்றவர்களெல்லாம் 'அடுத்து என்ன ஆடலாம்?' என்று கேட்பார்கள். அவர், "இதற்கு முன்னால் என்ன நடந்தது?" என்று கேட்பார். ஒருநாள் வெள்ளைச் சிப்பாய்கள் எட்டுப் பேரும் தங்கள் வரிசையில் அசையாமல் நிற்கிறார்கள். பின்னால் ராஜாவுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய மந்திரியைக் காணோம். "அவன் எங்கே செத்தான்?" என்றார். போரில் செத்திருப்பான் என்றோம். சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினார். மந்திரி குறுக்காக மட்டுமே போவான். அவனுக்கு முன்னால் இரண்டு பக்கமும் குறுக்கே சிப்பாய்கள் நிற்கிறார்கள். சிப்பாய் பின்னால் வருவதே கிடையாது. ஆகவே அவர்கள் ஒருநாளும் நகர்ந்ததில்லை. மந்திரி வீட்டை விட்டு வெளியே வந்ததே இல்லை. வீட்டுக்குள்ளேயே கொல்லப்பட்டான். கொன்றவன் யார்? சுவர் முழுதாக இருக்கிறது. சுவரைத் தாண்டி உள்ளே வரக்கூடியது குதிரை மட்டும்தான்.

எனக்கு அப்போது பதினொரு வயது. உடம்பு சிலிர்த்தது இன்னும் நினைவிருக்கிறது. யாரும் பார்க்கவில்லை, யாரும் சாட்சி சொல்லவில்லை, செத்தவன் பலகையிலேயே இல்லை. ஆனாலும் எங்கே செத்தான், யார் கொன்றார்கள் என்று மற்றவர்கள் நிற்கிற நிலையே சொல்லிவிடுகிறது. கோயிலில் வராத ஒரு மௌனம் எனக்கு அந்த மேசையில் வந்தது. நடந்து முடிந்தது எதுவும் அழிவதில்லை. பார்க்கத் தெரிந்தவர்களுக்காக நின்றுகொண்டிருக்கிறது என்று தோன்றியது. இந்த வயதிலும் அந்த வியப்பு எனக்குக் குறையவில்லை. குறைந்திருந்தால் இந்தக் கடிதமே இருக்காது.

அந்தப் பழக்கம் என்னை விடவில்லை. கல்யாணமாகி இங்கே வந்த பிறகு பலகைக்குப் பதிலாக வீடு கிடைத்தது. அப்பாவின் செருப்பில் ஒட்டிய மண்ணைப் பார்த்து எந்தக் கழனிக்குப் போய் வந்தார் என்று சொல்வேன். உனக்கு எட்டு வயதில் ஒருநாள் பள்ளிக்கூடத்திலிருந்து நேராக வருகிறேன் என்று வந்து நின்றாய். சட்டை உலர்ந்திருந்தது, தலை உலர்ந்திருந்தது, டிராயரும் உலர்ந்திருந்தது. நான் உன் இடுப்பில் விரலை விட்டு அரைஞாண் கயிற்றைத் தொட்டேன். சொதசொதவென்று ஈரம். "பாகூர் ஏரியில எவ்வளவு நேரம் குளிச்ச?" என்றேன். நீ வாயைப் பிளந்தாய். அப்பா கூடத்திலிருந்து, "டேய், மதர் சுப்பீரியர்கிட்ட பொய் சொல்லாதடா, கயிறுகூட காட்டிக் குடுத்துடும்" என்று சிரித்தார். நீ அழுதுகொண்டே சிரித்தாய். நான் சரியாகக் கண்டுபிடித்தேன் என்பதில் எனக்கு அன்று இருந்த பெருமையை இப்போது நினைத்தால் கூசுகிறது. நீ ஏரியில் மூழ்காமல் திரும்பி வந்தாய் என்பது எனக்கு இரண்டாவதாகத்தான் தோன்றியது.

இனி என் முதல் தவறு. நீ பிறப்பதற்கு முன்னால் நடந்தது. கல்யாணமான முதல் வருஷம், ஒரு மத்தியானம் அப்பா ஒரு துணியை விரித்தார். கட்டம் போட்டுத் தைத்த பழைய துணி. மரக்காய்கள். தான் வளர்ந்த குருவிநத்தத்தில் சின்ன வயதில் ஆடியது என்றார். எனக்கு ஒரே சந்தோஷம். இந்த மனிதருக்கு செஸ் தெரிகிறதே! ஆடினோம். சிப்பாயை ஆரம்பத்தில் இரண்டு கட்டம் நகர்த்தினேன். "ஒண்ணுதான்" என்றார். விட்டுக்கொடுத்தேன். அவருடைய ராஜாவுக்கு செக் வைக்கப் போகிறேன், அடுத்த நகர்வில் வைக்கப் போகிறேன் என்று காத்திருந்தபோது, அவர் ராஜாவை எடுத்து, முன்னால் நின்ற சிப்பாயைத் தாண்டி, குதிரை போல அந்தப் பக்கம் வைத்தார். நான் சிரித்துவிட்டேன். உன் பெரியப்பாவும் பெரியம்மாவும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இது எந்த ஊர் சட்டம்? உங்க ராஜாவுக்குக் குதிரைக் காலா முளைச்சிருக்கு?" என்றேன். "எங்க ஊர்ல இப்டித்தான். ஒரு தபா தாண்டலாம்" என்றார். நான் உள்ளே போய் டிரங்குப் பெட்டியிலிருந்து கான்வென்டில் பரிசாக வாங்கிய செஸ் புத்தகத்தை எடுத்துவந்து, பக்கம் புரட்டி, சத்தமாகப் படித்துக் காட்டினேன். ஆங்கிலத்தில் படித்து, அவருக்காகத் தமிழிலும் சொன்னேன். "இந்த வூட்ல ஆடறதுன்னா முறையா ஆடணும். இதெல்லாம் ஆட்டமே இல்ல" என்றேன். பெரியம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்பா துணியை நாலாக மடித்தார். "சரிங்க, மதர் சுப்பீரியர்" என்றார். அந்தப் பெயர் எனக்கு வந்தது அன்றுதான். நீ அதை வேடிக்கைப் பெயர் என்று நினைத்திருப்பாய்.

அதன் பிறகு என்னோடு ஆடும்போது புத்தகப்படி ஆடினார். ஆடி ஆடித் தோற்றார். நாளடைவில் ஆடுவதையே விட்டுவிட்டார். விட்டுவிட்டார் என்றுதான் நினைத்திருந்தேன். கரும்புக் கொல்லையில் இருக்கும் மோட்டார் கொட்டாய்க்கு நான் போவதில்லை. கிரீஸ் நாற்றம், பாம்பு வேறு. நீ பெரியவனான பிறகு விடுமுறைக்கு வந்தால் அப்பாவும் நீயும் மத்தியானம் முழுக்க அங்கேயே கிடப்பீர்கள். தண்ணீர் பாய்ச்சுகிறார்கள் என்றிருந்தேன். செஸ்ஸும் ஆடுவதாக ஒருமுறை நீ சொன்னாய். புத்தக ஆட்டம் என்றே எடுத்துக்கொண்டேன். வேறு ஆட்டம் ஒன்று இந்த உலகத்தில் இருப்பதாக என் மனத்தில் இல்லை.

அப்பா போன மத்தியானம் அஞ்சலை ஓடி வந்தாள். நம் கொல்லையில் வெகுகாலமாக வேலை செய்கிறவள், உனக்குத் தெரியும், படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அப்பா கொட்டாய்ச் சுவரில் சாய்ந்தபடி இருந்தார். நீ அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "மடை திருப்பிட்டு வரதுக்குள்ளம்மா, மடை திருப்பிட்டு வரதுக்குள்ள" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாய். ஆட்கள் கட்டில் கொண்டுவரப் போனார்கள். அந்த இடைவெளியில் உன் அம்மா என்ன செய்தாள் தெரியுமா? ஒரு மூட்டையின் மேல் விரித்திருந்த பலகையைப் பார்த்தாள். இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. கணவனைப் பார்க்க முடியாமல் பலகையைப் பார்த்தேன். கண் அங்கே போய் நின்றுகொண்டது. ஒவ்வொரு காயும் எங்கே நிற்கிறது என்று மனத்தில் பதிந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் ஒரு நோட்டில் கட்டம் போட்டு வரைந்தும் வைத்துவிட்டேன்.

வெள்ளை அப்பாவுடையது. ஓரத்துச் சிப்பாய்கள் இருவர் மட்டும் முன்னேறிப் போயிருந்தார்கள். யானைகள் அந்த ஓரங்கள் வழியாக வெளியே போயிருந்தன. நடுவிலுள்ள ஆறு சிப்பாய்களும் அசையவே இல்லை. வரப்பை வெட்டுவதற்கு அப்பா எப்போதும் தயங்குவார், அதே மாதிரி. பின்வரிசையில் இரண்டு மந்திரிகளும் ராணியும் அவரவர் இடத்தில். ராஜாவின் இடம் மட்டும் காலி. வெள்ளை ராஜா வேலிக்கு வெளியே, தன் பக்கத்து மந்திரியின் சிப்பாய்க்கு முன்கட்டத்தில் தனியாக நிற்கிறார்.

எப்படி வெளியே வந்தார்? நான் அதை அந்தப் பதினாறு நாளும் போட்டுப் போட்டுப் பார்த்தேன். முன்னால் சிப்பாய்கள், அவர்கள் நகர்ந்ததே இல்லை. இடப்பக்கம் ராணி, வலப்பக்கம் மந்திரி. சிப்பாய்கள் அடைத்திருப்பதால் மந்திரிகள் இருவரும் பிறந்த இடத்திலேயே இருப்பவர்கள், ராணிக்கும் வழியில்லை. யானையோடு இடம் மாற்றிக் கோட்டை கட்டுவது என்று ஒன்று உண்டு; அதற்கும் மந்திரி விலக வேண்டும். ராஜா ஒரு நேரத்தில் ஒரு கட்டம்தான் போவார். எந்த வழியாகப் பார்த்தாலும் அவர் அந்த வீட்டை விட்டு வந்திருக்கவே முடியாது. அவர் நடந்து வரவில்லை என்றால், ஒரு கை அவரைத் தூக்கி வைத்திருக்கிறது. மதர் கேட்டிருந்தால் நூற்றுக்கு நூறு போட்டிருப்பார்.

பிறகு அஞ்சலையைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவள் கரும்பில் காய்ந்த சோகை இலைகளை உரித்துக்கொண்டிருந்த இடம் கொட்டாய்க்குப் பக்கத்தில்தான். "ரெண்டு பேரும் கத்தினாங்களா? ஆமா, இல்லன்னு மட்டும் சொல்லு." "ஆமாம்மா, ஆனா..." "தம்பி என்ன சொல்லிக் கத்துச்சு?" "ஏமாத்து, ஏமாத்துன்னு கத்திச்சிம்மா. அது இன்னான்னா..." "போதும்" என்றேன்.

என் மனத்தில் ஆட்டம் முடிந்துவிட்டது. நீ தோற்கும் நிலையில் இருந்தாய். அப்பா வேறெங்கோ பார்த்தபோது அவர் ராஜாவைத் தூக்கி வெட்டவெளியில் வைத்தாய். அவர் கண்டுபிடித்துவிட்டார். நீயே ஏமாற்றிவிட்டு 'ஏமாத்து' என்று அவர்மேல் பாய்ந்தாய். கோபத்தில் எழுந்து போனாய். மடை திருப்பப் போனது எல்லாம் சாக்கு. அவர் நெஞ்சு நின்றது.

பதினாறாம் நாள், பங்காளிகள் பேசிக்கொண்டிருந்தபோது, யாரோ, "கடைசி நேரத்துல புள்ள பக்கத்துல இருந்தானே, குடுத்து வச்சவரு" என்றார்கள். நான் எழுந்து நின்றேன். "கள்ள ஆட்டம் ஆடி அப்பன் உயிர எடுத்தவன் பக்கத்துல இருந்து என்ன, இல்லாம என்ன" என்றேன். அந்தச் சொல் இதுதான். நீ மொட்டையடித்த தலையோடு என்னை நிமிர்ந்து பார்த்தாய். "அம்மா, அப்பாதாம்மா ராஜாவ தாண்ட வச்சாரு" என்றாய். நான் உன்னை அறைந்தேன். "செத்தவர் வந்து பதில் சொல்ல மாட்டாருங்கிற தைரியமா?" என்றேன். சாயங்காலம் பையை எடுத்துக்கொண்டு போனாய். போகும்போது துணிப்பலகையையும் காய்களையும் என் அலமாரியில் வைத்துவிட்டுப் போனாய். அதை உன் குற்ற உணர்ச்சி என்று நினைத்தேன்.

போன மாதம் ஒரு காலைப்பொழுது. கண் ஆபரேஷனுக்குப் பிறகு எல்லாம் துல்லியமாகத் தெரிகிறது என்று அந்தப் பழைய நோட்டை எடுத்தேன். துணியை மேசையில் விரித்து, நோட்டில் உள்ளபடி காய்களை அடுக்கினேன். ஏன் என்று கேட்காதே. உன் மேல் உள்ள கோபத்தைப் புதுப்பித்துக்கொள்ளத்தான் என்று நினைக்கிறேன். அது கொஞ்சம் மங்கிக்கொண்டு வந்தது. அஞ்சலை முருங்கைக்கீரை கொண்டு வந்தாள். கீரையை முறத்தில் போட்டுவிட்டு மேசைப் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"இன்னாம்மா, அய்யா ஆட்டமா? அட, ராஜா தாண்டிட்டாரே!"

நான் கண்ணாடியைக் கழற்றினேன். "உனக்கென்ன தெரியும் இதைப் பத்தி?"

"எங்கப்பன் குருவிநத்தத்துல அரச மரத்தாண்ட உக்காந்தா கஞ்சிக்குக்கூட எழுந்து வராது. நான்தான் தூக்குல எடுத்துக்கினு போவேன். பாத்துப் பாத்து எனக்கும் தெரியும். ராஜா ஒரு தபா குதிரையாட்டம் தாண்டலாம். ஆனா அதுவரைக்கும் ஒரு செக்குகூட வாங்கியிருக்கக் கூடாது. வாங்கிட்டா அந்தப் பவுசு போச்சி, அப்புறம் மத்தவங்களாட்டம் நடந்துதான் போவணும்."

"அய்யா இந்த ஆட்டமா ஆடுவார்?"

"கொட்டாயில வேற இன்னா ஆடுவாரு? வூட்ல ஆடக்கூடாதுன்னு நீங்க சட்டம் போட்டீங்களாமே? சொல்லிச் சொல்லி சிரிப்பாரு. தம்பியும் அய்யாவும் சின்னப் புள்ளைங்களாட்டம் ஒளிஞ்சி ஒளிஞ்சி ஆடுவாங்க. நான் வெளிய இருமுனாகூட, 'டேய், மதர் வராங்கடா'ன்னு துணிய மடிப்பாங்க."

"அன்னைக்கு தம்பி ஏமாத்துன்னு கத்துச்சுன்னு சொன்னியே?"

"கத்திச்சி. 'ஏமாத்து, ஏமாத்து, அடுத்த தபா செக்கு வைக்கலாம்னு இருந்தேன், முன்னாடியே தாண்டிட்டியே நைனா'ன்னு கத்திச்சி. அய்யா, 'வேலிய பாருடா, ஒரு குச்சி அசையல, ஆளு வெளிய!'ன்னாரு. ரெண்டு பேரும் சிரிச்ச சிரிப்பு மோட்டார் சத்தத்தையும் மீறிக் கேட்டுச்சி. அதுக்கப்புறம் ரொம்ப நேரம் சத்தமே இல்ல. அப்புறந்தான் தம்பி மண்வெட்டிய எடுத்துக்கினு வந்துச்சி. 'அய்யா எங்க தம்பி'ன்னேன். 'யோசிக்கிறாரு, யோசிக்கட்டும், மடைய திருப்பிட்டு வரேன்'னு சொல்லிச்சி."

"இதையெல்லாம் ஏன்டி அன்னைக்கே சொல்லல?"

"நீங்கதான் ஆமா, இல்லன்னு மட்டும் சொல்லுன்னீங்களேம்மா" என்றாள். குரலில் குத்தல் இல்லை. அது இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். முறத்தை இழுத்து வைத்துக்கொண்டு கீரை ஆய ஆரம்பித்தாள்.

உன் அம்மாவை உனக்குத் தெரியும். ஒருத்தி சொன்னதை வைத்து நான் எதையும் ஒப்புக்கொள்வதில்லை. அவள் போன பிறகு கதவைச் சாத்திவிட்டுப் பலகையின் முன் உட்கார்ந்தேன். இந்தத் தடவை அப்பாவின் சட்டத்தை வைத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். வேலி அப்படியே இருக்கிறது, ராஜா தாண்டினார், சரி. தாண்டினார் என்றால் அதுவரை அவருக்கு ஒரு செக்கும் விழவில்லை. இதை எழுதி வைத்துக்கொண்டேன். அப்போதுதான் உன் கறுப்புக் குதிரையைப் பார்த்தேன். நான்கு வருஷமாக அது அங்கேதான் நின்றது. வெள்ளை ராணியின் சிப்பாய்க்கு நேர் முன்கட்டத்தில். அந்த இடத்திலிருந்து குதிரை எங்கே பாயும் என்று விரலால் தொட்டுப் பார்த்தேன். நேராக ராஜாவின் காலியான வீட்டில் வந்து விழுகிறது.

செழியா, எழுந்து நின்றுவிட்டேன். ராஜா வீட்டில் இருந்தபோது அந்தக் குதிரை அங்கே வந்திருந்தால் அது செக். செக் வாங்கிய ராஜா தாண்ட முடியாது. ஆனால் தாண்டியிருக்கிறார். ஆகவே அவர் தாண்டிய பிறகுதான் குதிரை அங்கே வந்தது. அதாவது, அவர் தாண்டியதும் 'ஏமாத்து' என்று கத்திய பிறகு நீ எழுந்து போகவில்லை. உட்கார்ந்தாய். யோசித்தாய். குதிரையை எடுத்து அந்த இடத்தில் வைத்தாய். அந்தக் குதிரையை வெட்ட அப்பாவின் சிப்பாய்களில் இரண்டு பேர் தயாராக நிற்கிறார்கள். கையருகே நிற்கும் குதிரையை உன் அப்பா ஒரு நகர்வுகூட விட்டுவைக்க மாட்டார். அது இன்னும் நிற்கிறது என்றால், அதுதான் கடைசி நகர்வு. நீ ஆடி முடித்திருந்தாய். அடுத்தது அவர் முறை. 'யோசிக்கிறாரு, யோசிக்கட்டும்.'

அஞ்சலைக்கு இந்தக் கணக்கு தெரியாது. பலகைக்கு அஞ்சலை சொன்னது தெரியாது. இரண்டும் ஒரே இடத்தில் வந்து நின்றன. பதினொரு வயதில் வந்த அதே சிலிர்ப்பு, இந்த அறுபது வயது உடம்பில் வந்தது. அந்தப் பிற்பகலை நான் பார்த்தேன். கொட்டாயின் அரை வெளிச்சத்தில் உன் அப்பா தன் வேலிக்கு வெளியே நிற்கும் ராஜாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார். நீ அவர் முன்னால் ஒரு குதிரையைத் தூண்டிலாகப் போட்டுவிட்டு மண்வெட்டியோடு போகிறாய். வெட்டினால் தன் வேலியைத் தானே திறக்க வேண்டும். வெட்டாவிட்டால் குதிரை உள்ளே மேயும். அவர் அதை யோசிக்கிறார். அவர் கடைசியாக நினைத்தது அதுவாகத்தான் இருக்கும். இந்தக் கடைசி வரி ஊகம். மதர் இதற்கு மதிப்பெண் போட மாட்டார். ஆனால் மற்றதெல்லாம் நிரூபணம். அவர் கோபத்தோடு போகவில்லை. நீ அவரை விட்டு ஓடவில்லை. மரக்காய்கள் நாலு வருஷமாக அதைச் சொல்லிக்கொண்டு நின்றன.

நான் சட்டம் தெரியாமல் தவறு செய்தேன் என்று மற்றவர்கள் சொல்லலாம். நீ அப்படிச் சொல்லி என்னைத் தப்பவிடாதே. எனக்குத் தெரியும். என் கண் முன்னால், கல்யாணமான முதல் வருஷமே, அவர் ராஜா தாண்டியதைப் பார்த்தவள் நான். பார்த்துச் சிரித்தவள். அதை ஆட்டமே இல்லை என்று தள்ளிவிட்டதால், பதினாறு நாள் யோசித்தபோது அது ஒரு நகர்வாகக்கூட என் மனத்தில் வரவில்லை. சாத்தியமான நகர்வுகளையெல்லாம் எண்ணினேன் என்று பெருமைப்பட்டேன். உன் அப்பாவின் நகர்வை மட்டும் எண்ணவில்லை. நீ அன்று பந்தலில் முழு உண்மையையும் ஒரே வரியில் சொன்னாய். அதற்கு மேல் விளக்கியிருந்தால், முப்பது வருஷம் அப்பா எனக்கு ஒளித்து ஆடிய கதையை உறவுக்காரர்கள் முன்னால் அவிழ்க்க வேண்டியிருக்கும். அதை நீ செய்யவில்லை. அவரையும் காப்பாற்றினாய், என்னையும் காப்பாற்றினாய். கன்னத்தில் விழுந்ததை வாங்கிக்கொண்டு பலகையைப் பத்திரமாக என் அலமாரியில் வைத்தாய். பலகையைப் படிக்கத் தெரிந்தவள் என்றாவது படிப்பாள் என்று நம்பினாயோ? கேட்கத் தைரியம் இல்லை.

ஆகவே இந்த மலரைப் படிக்கிற எல்லாரும் அறிய எழுதுகிறேன்: என் மகன் கள்ள ஆட்டம் ஆடவில்லை. அவன் அப்பாவின் உயிர் போனதற்கு அவன் காரணமில்லை. அன்று பந்தலில் நான் சொன்னது பொய். அவனை அறைந்தது பாவம்.

கல்யாணத்துக்குப் போகும் பிள்ளைக்கு அம்மா ஏதாவது சொல்லி அனுப்ப வேண்டும். சமையல், சிக்கனம், அனுசரணை எல்லாம் வேறு யாராவது சொல்வார்கள். நான் சொல்வது இது. நீ ஒருநாள் வீட்டுக்கு வரும்போது உன் மனைவி நீ புரிந்துகொள்ளவே முடியாத ஓர் இடத்தில் நின்றுகொண்டிருப்பாள். கோபத்திலோ, அழுகையிலோ, காரணமில்லாத சிரிப்பிலோ. இவள் இங்கே வந்திருக்கவே முடியாதே என்று தோன்றும். உன் அம்மாவின் மூளை உனக்கும் இருக்கிறது. உடனே பின்னாலேயே போய்க் கண்டுபிடிக்கப் பார்ப்பாய். கண்டுபிடிக்காதே. முதலில், உங்க வீட்டில் எப்படி ஆடுவீங்க என்று கேள். கேட்டுவிட்டு, அவள் சொல்லி முடிக்கும் வரை ஆமாவா இல்லையா என்று குறுக்கே நிற்காதே. நான் முப்பது வருஷம் ஒருவரோடு வாழ்ந்து அந்த ஒரு கேள்வியைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால், மத்தியானங்களில் கிரீஸ் நாற்றத்தைப் பொறுத்துக்கொண்டு மூன்றாவது ஆளாக நானும் அந்தக் கொட்டாயில் உட்கார்ந்திருப்பேன்.

நான் கல்யாணத்துக்கு வருகிறேன். 'பார்க்கலாம்' இல்லை, வருகிறேன். அஞ்சலையும் வருகிறாள், அவளுக்கும் ஒரு பத்திரிகை அனுப்பு. கல்யாணம் முடிந்து உன் மனைவியோடு நீ இங்கே வருவாயா என்பதை நான் கேட்க மாட்டேன். கேட்கும் உரிமையைப் பந்தலில் விட்டுவிட்டேன். ஆனால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மேசையில் துணி இன்னும் விரித்தபடியே இருக்கிறது. நாலு வருஷமாக வெள்ளையின் முறை. அவர் இல்லை. அந்த ஆட்டத்தை இந்த வீட்டில் ஆடக்கூடாது என்று சொன்னவள் நான். அதனால் நானே உட்கார்ந்தேன். இரண்டு நாள் யோசித்தேன். இன்று காலை, ராஜாவின் வீட்டுக்கு முன்னால் ஒருநாளும் அசையாமல் நின்ற அந்தச் சிப்பாயை எடுத்து, உன் குதிரையை வெட்டினேன்.

வேலி திறந்திருக்கிறது. உன் முறை.

அம்மா